சொந்த விருப்பத்தின் பேரில்

காதுக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, குழாயடியில் முகம் கழுவி, மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து நிமிஷமாகிறது, அது நிற்கவில்லை. காலனிக்குப் போய்ப் படுத்த பிறகும் சில நாள் ஓடும். இருபத்தாறு வருஷமாக ராத்திரியில் நூல் சுற்றுகிறவனுக்குப் பகல் என்பது அந்தச் சத்தத்தின் மேல் விரித்த துணி மாதிரி, லேசாக இழுத்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். இன்றைக்குப் படுக்க முடியாது. கேட்டை விட்டு வெளியே வந்ததும் போன் அடித்தது, என் தங்கச்சி செம்பகம். "அண்ணே, பஸ்ஸுல தூங்கிராத. போன வாட்டி மாதிரி டிப்போ வரைக்கும் போயித் திரும்பி வந்தீன்னா மானம் போயிரும். தலையில இருக்கிற பஞ்சத் தட்டிட்டு வா, கெழவன்னு நெனச்சு ஓரமா உக்காரச் சொல்லிருவாக." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, "ஒம்பது மணிக்கே ஆர்.டி.ஓ. அம்மா வர்றாங்க. பழைய பைலும் கொண்டாறாங்களாம்" என்றாள். பழைய பைல். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை, மெஷின் சத்தம் என்று சொல்லிப் போனை வைத்தேன். கேட்டுக்கு வெளியே ஏது மெஷின்.

பைலில் ஒரு காகிதம் இருக்கிறது. முப்பது வருஷத்துக் காகிதம், கோடு போட்ட நோட்டுத் தாள், அடியில் ஏழு பெருவிரல் ரேகை. ஈச்சம்புடவில் குடியிருந்து வந்த பளியர்களாகிய நாங்கள், எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மேற்படி இடத்தைக் காலி செய்து. எனக்கு மனப்பாடம். இந்த ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் எழுதச் சொன்னாலும் எழுதிவிடுவேன். ஈச்சம்புடவு என்கிற பாறைக் குகை மேலே இருக்கிறது, பஸ் இரண்டாவது வளைவு திரும்பினால் தெரியும், தேங்காய்த் தோப்புக்கு மேலே, கரட்டுக்கு மேலே, ஒரு கருத்த உதடு மாதிரி பாறை முன்னால் நீண்டு நிற்கும், அதற்கு அடியிலும் அதைச் சுற்றியும் நாங்கள் ஏழு குடும்பம் இருந்தோம். இப்போது சரணாலயம். நாங்கள் கீழே, காலனியில், மழைக்கு ஒழுகும் கான்கிரீட் வீட்டில். வன உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டிருக்கிறோம், மேலே திரும்பப் போக, கிழங்கு தோண்ட, தேன் எடுக்க, சாமி கும்பிட, இருக்க. வக்கீலம்மா வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "வெரட்டி விட்டிருந்தா சட்டம் உங்க பக்கம். நீங்களா எறங்கி வந்திருந்தா கஷ்டம். அந்தக் காகிதம் ஒண்ணுதான் நடுவுல நிக்குது. அத யாரு எழுதுனா? அப்ப உங்கள்ல யாருக்காவது எழுதத் தெரியுமா?" செம்பகம்தான் எங்கள் வன உரிமைக் குழுத் தலைவி, அவள்தான் பதில் சொன்னாள். "ஒருத்தருக்கும் தெரியாதும்மா. எங்கண்ணனே மில்லுக்குப் போயித்தான் எழுத்துக் கத்துக்கிட்டான்." வக்கீலம்மா அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார். நான் தரையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு ஒரு பஞ்சுத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு போனது, என் சட்டையிலிருந்து விழுந்தது.

எனக்கு அப்போது எழுதத் தெரியும். இதை வாயால் சொன்னதில்லை. அடிவாரத்து டீக்கடைக்கு என்னைப் பெற்ற அய்யா தேன் கொண்டுவந்து கொடுக்கும்போது கூடப் போவேன். கடைக்காரர் பேப்பரை விரித்து சத்தமாக வாசிப்பார். பெஞ்சில் எங்களை உட்கார விடமாட்டார்கள், மேஜைக்கு எதிர்ப்பக்கம் தரையில் நின்றுகொண்டு அவர் விரல் போகிற இடத்தையும் வாயையும் பார்த்தே பிடித்துக்கொண்டேன், அத்தனை எழுத்தும் தலைகீழாக. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது நான் கற்றது தலைகீழ் என்று. இன்றைக்கும் நேராக வாசிப்பதைவிட எதிரே இருப்பவர் கையில் இருப்பதை வாசிப்பது எனக்குச் சுளுவு. மில்லில் சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிற மெமோவை அவர் படிக்கும் முன்னால் நான் படித்துவிடுவேன். எழுதும்போது வட்டங்களை அடியிலிருந்துதான் ஆரம்பிப்பேன், அதனால் எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து கிடக்கும், சரிவில் இறங்குகிற ஆட்கள் மாதிரி. அந்தக் காகிதத்தில் அப்படித்தான் சாய்ந்து கிடக்கிறது. போன மாசம் கோரிக்கை மனு எழுத ஆள் தேடியபோது செம்பகம் நோட்டை என் மடியில் போட்டாள், "வேற யாரு எழுதுவா, நீதான்." நாலு பக்கம் எழுதினேன். எழுதி முடித்து, மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, கொடுத்து அனுப்பின பிறகு அன்றைக்கு ஷிப்டில் இழை அறுந்த இடத்தில் விரலை வைத்தபோதுதான் உறைத்தது, இரண்டும் ஒரே பைலுக்குள் போகப்போகிறது. ஒரே கை. முப்பது வருஷம் தள்ளி ஒரே கை. அன்றைக்கு எத்தனை இழை அறுந்தது என்று தெரியவில்லை, பக்கத்து மெஷின்காரி என் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, என்ன ஆச்சு உனக்கு என்று சைகை காட்டினாள். மில்லுக்குள் பேச்சு இல்லை, எல்லாம் கைதான். அதனால்தான் அங்கே தங்கிவிட்டேனோ என்னமோ. யாரும் கத்திப் பேசினாலும் கேட்காத ஒரே இடம்.

"என்ன பளியரே, தேன் இருக்கா?" கண்டக்டர். வாரத்துக்கு மூன்று நாள் இதே கேள்வி. முழுக்கைச் சட்டை, மில் அடையாள அட்டை, டிபன் பாக்ஸ், இதெல்லாம் அவன் கண்ணில் படாது, முகத்தைப் பார்த்ததும் தேன்தான் ஞாபகம் வரும். "இல்லைங்க. பஞ்சு இருக்கு, வேணுமா?" என்றேன். பின்சீட்டில் செடி நாற்றுக் கட்டோடு உட்கார்ந்திருந்த பொம்பளை கெக்கெக்கென்று சிரித்தாள். "எங்காதுக்குக் குடுய்யா, இவரு விசில் தாங்கல" என்றாள் என்னிடம். அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது. எங்கள் ஆட்களுக்கு வராது. யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து போய்விடுவோம். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றால் ஒருத்தர் எழுந்து அடுத்த சரிவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவார், அதோடு சரி, யாரும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்கள். நான் மில்லில் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் கத்தினார், நான் ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு நடந்து காலனிக்கு வந்து மூன்று நாள் இருந்தேன். ஆள் ஓடிவிட்டான் என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். நான் கோபத்தில் போகவில்லை, அவர் கோபம் ஆறட்டும் என்று போனேன். இதை அவருக்கு எந்தத் தமிழில் சொல்வது. போனவன் விட்டுவிட்டான் என்று எழுதிக்கொள்கிறார்கள். போவது எங்களுக்கு விடுவது இல்லை.

செங்கல் சூளை தாண்டியாயிற்று. புகை வாசம், பிறகு வாழைத்தோப்பின் ஈர வாசம். கண் சொக்குகிறது, சொக்கவிட்டால் அந்த வாரம் வந்துவிடும். மழை. புடவுக்குள் அய்யா ஈரச் சாக்கு மேல் கிடந்தார், காய்ச்சல், எட்டாம் நாள். கண்ணுச்சாமி மாமா வேர் இடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். செம்பகம் சின்னவள், அவர் காலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள், தூங்கும்போதே அந்தக் கால் குளிர்ந்துவிட்டது, அவள்தான் முதலில் எழுந்து சொன்னாள், கால் குளிருது என்று. ஈச்சமரத்துக்குக் கிழக்கே புதைத்தோம். மேலே மூன்று கல். மறுநாள் விடிந்ததும் நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்பினோம். எங்கள் ஏழு குடும்பத்து வழக்கம் அது, மற்ற மலையில் இருக்கிற பளியர்கள் கேட்டால் சிரித்தாலும் சிரிப்பார்கள். சாவு விழுந்த இடத்தில் இருக்கக்கூடாது, அது ஆறவேண்டும், இரண்டு மூன்று மழைக்காலம் போகவேண்டும், அப்புறம் திரும்பி வந்து அதே புடவில் அதே அடுப்புக் கல்லை வைக்கலாம். போனவர் பேரைச் சொல்லக்கூடாது. எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பேரை வைக்கக்கூடாது. தவறிப்போய் யாராவது சொல்லிவிட்டால் கேட்டவர்கள் எழுந்து போகவேண்டும். திட்டக்கூடாது, எழுந்து போகவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் எழுந்து அடுத்த சரிவுக்குப் போய் ஒன்பது நாள்கூட ஆகவில்லை, ரேஞ்சர் வந்தார். காலிக் குடிசைகளைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷன் மாதிரி பாறை மேல் உட்கார்ந்து, "ஏம்ப்பா காலி பண்ணீங்க?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. சொன்னால் சாவைச் சொல்லவேண்டும், யார் என்பார், பேரைச் சொல்லவேண்டும். மாமா காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். "யாரும் வெரட்டலையே?" இல்லை. "நீங்களாத்தானே போனீங்க?" ஆமா. பொய் இல்லையே. நாங்களாகத்தானே போனோம். "எழுதத் தெரிஞ்சவன் யாராச்சும் இருக்கீங்களா?" என்றார்.

கையைத் தூக்கினேன். இருபத்தொரு வயசு. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, துப்பாக்கி காட்டவில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாமலே செத்துப்போய்விடுவேனோ என்று இருந்தவன், ஒரு ஆபீசர் கேட்கிறார், கையைத் தூக்கினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வற்புறுத்தல் என்ற வார்த்தை அன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன், என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேனே. "பரவாயில்லையே, தம்பி எழுத்து நல்லாருக்கே" என்றார். என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஒவ்வொருத்தராக மசியில் விரலைத் தொட்டு வைத்தார்கள், மாமா வைத்தார். நான் பேனாவைத் திருப்பிக் கையெழுத்துப் போடப் போனேன், "வேணாம், நீயும் ரேகையே வையி, எல்லாம் ஒண்ணுபோல இருக்கட்டும்" என்றார். வைத்தேன். பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். நீலப் பேனா, மூடியில் பித்தளைக் கவ்வு. மை தீர்ந்த பிறகும் எத்தனையோ வருஷம் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிந்தேன். மூன்று மழைக்காலம் கழித்து அய்யாவின் சாவு ஆறியது என்று நெருப்பை எடுத்துக்கொண்டு புடவுக்குத் திரும்பினால் கம்பி வேலி, கேட், கேட்டில் பாரஸ்ட் கார்டு. "நீங்கதானடா எழுதிக் குடுத்தீங்க." குரலை உயர்த்தினான். நாங்கள் திரும்பிக் கீழே இறங்கினோம். இறங்கும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. ரேகை வைத்த ஏழு பேரில் உயிரோடு இருப்பது அவரும் நானும்தான். செம்பகம் அன்றைக்குக் கிழங்கு தோண்டப் போயிருந்தாள். அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு தைரியமாக வக்கீலம்மாவிடம் சொல்கிறாள்.

வளைவு. திரும்புகிறது. பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். கருத்த உதடு. ஈச்சமரம் இருக்கிறதா தெரியவில்லை, கண் முன்னைப்போல இல்லை. மூன்று கல் இருக்கும். கல்லை யார் எடுக்கப்போகிறார்கள். புதைத்த இடம் ஒரு சாட்சி என்று வக்கீலம்மா சொன்னார், சட்டத்திலேயே இருக்கிறதாம், யாரைப் புதைத்தீர்கள் என்று பேர் சொல்லிக் காட்டினால் போதும் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வக்கீலம்மா அதை வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இன்றைக்கு ஆர்.டி.ஓ. அம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன செய்வேன். இல்லை என்பேனா. என் எழுத்து இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா, என்னிடம் என்னுடையது என்று இருக்கிற ஒரே பொருள் அந்த எழுத்துதானே. உண்மையைச் சொன்னால் எல்லாரையும் பொய்யர்களாக்குவேன். சொல்லாவிட்டால். இரண்டையும் சேர்த்து வைக்கமாட்டார்கள், எத்தனை பைல் இருக்கும் அவர்களுக்கு, யார் எழுத்தைப் பார்க்கிறார்கள், வார்த்தையைத்தான் பார்ப்பார்கள். டிபன் பாக்ஸ் மூடி பஸ் ஆட்டத்தில் அடித்துக்கொள்கிறது. இறங்காமல் டிப்போ வரைக்கும் போய்விட்டால் என்ன. தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம். செம்பகம் திட்டுவாள், சிரிப்பாள், மானம் போயிருச்சு என்பாள். எழுந்து போவதுதானே எங்களுக்கு வரும். "பளியரே, காலனி ஸ்டாப்பு! எறங்கலையா?" என்று கண்டக்டர் கத்தினான். கால் தானாக எழுந்துவிட்டது.

சமுதாயக் கூடத்துக்கு வெளியே இரண்டு ஜீப். உள்ளே எங்கள் ஆட்கள் நாற்பது பேர் தரையில், எதிரே மேஜை, ஆர்.டி.ஓ. அம்மா, பக்கத்தில் இப்போதைய ரேஞ்சர், அந்தக் காகிதம் எழுதிய வருஷம் பிறந்திருப்பாரோ என்னமோ. செம்பகம் என்னைப் பார்த்ததும் கையை எட்டி என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன், எப்போதும் நிற்கிற பக்கம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. மஞ்சளாய்ப் போன தாள், வெள்ளைத் தாள், இரண்டிலும் என் ஆட்கள் பின்பக்கம் சாய்ந்து நடந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா எழுத்தைப் பார்க்கவில்லை. "இத எழுதுனது யாரு?" என்று பொதுவாகக் கேட்டார். "எங்கள்ல யாருக்கும் அப்ப எழுத்துத் தெரியாதுங்கம்மா" என்றாள் செம்பகம். "சரி" என்று குறித்துக்கொண்டார். முடிந்துவிட்டது. தப்பிவிட்டேன். மாமா முதல் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா பக்கத்தைப் புரட்டி, மெதுவாக, நல்ல மனுஷி மாதிரி, "குடிசை எல்லாம் காலியா இருந்துச்சுன்னு ரிப்போர்ட் இருக்கே. ஏன் காலி பண்ணீங்க?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. மாமா காலால் சிமெண்டுத் தரையைக் கீறினார், கீற மண் இல்லை. பேனா காகிதத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அந்த மௌனம் எனக்குத் தெரியும், அது எப்படி முடியும் என்றும் தெரியும், நாங்கள் பேசாவிட்டால் பேனா தானாக எழுதிக்கொள்ளும். மெஷின் நின்றுவிட்டது காதுக்குள். "சடையன்" என்றேன். என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "எங்க அய்யா. காய்ச்சல்ல செத்தாரு. சாவு விழுந்தா நாங்க எடத்த ஆறப் போடுவோம்மா, திரும்ப வர்றதுக்குத்தான் போவோம். ஈச்சமரத்துக்குக் கெழக்க மூணு கல்லு இருக்கு. அந்தக் காயிதத்த எழுதுனது நான்தான்."

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார், திட்டவில்லை, வெளியே நடந்தார். அவர் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் அவள் மகன், பிறகு எல்லாரும், சத்தமில்லாமல், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. ரேஞ்சர் லேசாகச் சிரித்தார். "பாருங்க மேடம், இவங்க எப்பவுமே இப்படித்தான். பேசிக்கிட்டு இருக்கும்போதே போயிருவாங்க." அந்த அம்மா வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்து எழுத ஆரம்பித்தார். எதிர்ப்பக்கமிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. கூட்டத்திற்கு வந்திருந்தவர்கள் தங்கள் சொந்த விருப்பத்தின்.

கையை நீட்டிக் காகிதத்தின் மேல் வைத்தேன். விரல் இடுக்கில் மை பட்டது. "அந்த வரி வேணாம்மா" என்றேன். "அத நான் ஏற்கெனவே எழுதிட்டேன்." அந்த அம்மா என் கையைப் பார்த்தார், பிறகு மஞ்சள் தாளை, பிறகு வெள்ளைத் தாளை, மறுபடி மஞ்சளை. ரேஞ்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "கைய எடுய்யா" என்று குரலை உயர்த்தினார். எடுக்கவில்லை. கால் வாசல் பக்கம் இழுத்தது, எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் காலிக் கூடத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பினேன். செம்பகம் போகவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தலையை முழங்காலுக்குள் புதைத்து, தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்துக் கையை எடுத்தாள். நான் எழுதியதைப் பற்றி அவள் கேட்கவில்லை, அதை என்றைக்குக் கேட்கப்போகிறாளோ தெரியாது.

"அண்ணே," என்றாள், "அய்யா பேரே எனக்கு மறந்துபோயிருந்துச்சுண்ணே. இன்னொரு தடவ சொல்லு."